ஊராரின் நேரமும் நிலையத்தின் நேரசூசியும்

சனசமூக நிலையம் ஒன்றை ஆரம்பிப்பது எளிது. அதனை நாடோறும் நடத்துவதே அரிது. ஒரு மண்டபம், இரண்டு மேசை, சில பத்திரிகைகள், திறப்பு விழாவுக்கு ஓர் அக்கிராசனர் கிடைத்தால் நிலையம் பிறந்துவிடுகின்றது. கதவை எந்த நேரத்தில், யாருக்காகத் திறப்பது என்ற கேள்வி எழும்போதுதான் காரியதரிசிமார் திண்டாடுகின்றனர். இக்கேள்விக்கு நல்ல விடை கண்ட நிலையம் ஒன்றின் வரலாற்றை இம்மலரிற் கூற விரும்புகின்றோம்.

சிக்காக்கோ என்றதும் 1893ஆம் ஆண்டு விவேகானந்த சுவாமிகள் முழங்கிய சர்வமத மகாசபையே நம்மவர் நினைவுக்கு வரும். அச்சபை கூடுவதற்கு நான்காண்டுகளுக்கு முன், 1889 செப்டெம்பர் 18ஆம் நாள், அதே நகரின் ஹோல்ஸ்ரெட் வீதியில் யேன் அடம்ஸ், எலன் கேற்ஸ் ஸ்ரார் என்னும் இரு பெண்மணிகள் ஒரு பழைய மாளிகையிற் குடிபுகுந்தனர். சார்ல்ஸ் ஹல் என்பவர் 1856இல் கட்டிய அம்மாளிகையே பின்னர் ஹல் ஹவுஸ் எனப் புகழ்பெற்றது. இலண்டனின் கிழக்குப் பகுதியில் 1884இல் தோன்றிய ரொயின்பி மண்டபத்தை நேரிற் கண்டுவந்த அடம்ஸ் அம்மையார், படித்தவர்கள் ஏழைகளின் நடுவே வாழ்ந்து தொண்டாற்றும் அம்முறையைத் தம் நாட்டிலும் கைக்கொண்டார்.

சுற்றிலும் இத்தாலியர், ஜேர்மனியர், ஐரிஷ்காரர், கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதர் எனப் பல நாட்டுக் குடியேறிகள் நெருக்கமாக வாழ்ந்தனர். பொழுது புலருமுன் வேலைக்குப் போய் இரவில் மீள்வோர் அவர்களுட் பலர். தாய்மார் வேலைக்குச் சென்றபின் குழந்தைகளின் கதி என்ன? அடம்ஸ் அம்மையார் தாம் அங்கு முதலிற் கண்ட ஊனமுற்ற பிள்ளைகள் மூவரைப் பற்றி எழுதியுள்ளார். ஒரு பிள்ளை மூன்றாம் மாடி யன்னலிலிருந்து விழுந்தது. மற்றொன்று நெருப்பிற் சுடுபட்டது. மூன்றாவதன் முதுகெலும்பு வளைந்திருந்தது. அப்பிள்ளையை மூன்று ஆண்டுகளாக நாள் முழுவதும் சமையலறை மேசைக் காலிற் கட்டி வைத்திருந்தார்களாம். நண்பகலில் அருகிலிருந்த தொழிற்சாலையிலிருந்து ஓடிவரும் தமையன் அவிழ்த்துவிட்டு, தன் உணவைப் பகிர்ந்துண்டு, மீண்டும் ஓடிவிடுவான். மூவருக்கும் தீங்கு நேர்ந்தது தாய்மார் வேலைக்குச் சென்றிருந்த வேளையிலேயே.

ஹல் ஹவுசின் நேரசூசி இத்தகைய வீடுகளின் நாளிலிருந்து பிறந்ததென்றே கொள்ளலாம். காலையில் விருந்தினர் கூடம் பாலர் வகுப்பாயிற்று. பிற்பகலில் பாடசாலை விட்டு வரும் சிறுவர் சிறுமியரின் கழகங்கள் அங்கு கூடின. இரவிலோ வேலை முடிந்து வந்த பெரியோருக்கு வகுப்புகளும் விவாதங்களும் நடந்தன. அயலிலே ஒரு சிறு வீட்டைப் பிடித்துக் குழந்தைகள் பராமரிப்பு நிலையமும் வைத்தனர். நடத்துவோரின் வசதி நோக்கி மாலையில் இரண்டு மணித்தியாலம் மட்டும் விளக்கேற்றும் வழக்கத்தைக் கண்டு பழகிய எமக்கு இது வியப்பாகவே இருக்கின்றது. இரண்டாம் ஆண்டிலேயே கிழமைக்கு ஈராயிரம் பேர் வந்துபோயினர் என்பர்.

எல்லாம் முதல் முயற்சியிலேயே பலித்துவிடவில்லை. சத்துணவு விதிகளின்படி அளந்து சமைத்து விற்கும் பொதுச் சமையற்கூடம் ஒன்றைத் திறந்தார்கள். அயலார் அவ்வுணவை விரும்பவில்லை. அதனோடு இருந்த கோப்பிக்கடையோ, பேசிப் பொழுதுபோக்க வருவோரால் நிறைந்தது.

இத்தனை வேலையையும் ஒருவர் தலையிற் சுமத்தினால் நிலையம் எத்தனை நாள் நிற்கும்? அங்கே தங்கித் தொண்டு செய்தவர்கள் தத்தம் உணவுச் செலவைத் தாமே கொடுத்தனர். வீட்டுக் காரியங்களை ஒரு குழு கவனித்தது. புதிதாக வருபவர் முதல் ஆறு கிழமைகள் பரீட்சார்த்தமாகத் தங்குவார். அக்காலத்திற் கூட்டத்தில் அவருக்கு வாக்கு இல்லை. பயனுள்ளவர் என்று கண்டால், ஆறு மாதமாவது நிற்கக்கூடியவராயின், தொடர்ந்திருக்க அழைப்பர். பெயர்ப்பட்டியலை நிரப்புவதற்கென்றே அங்கத்தவர் சேர்க்கும் சங்கங்கள் இவ்விதியைச் சற்று ஊன்றி நோக்கலாம்.

1895இல் அடம்ஸ் அம்மையார் அவ்வட்டாரத்தின் குப்பை அகற்றும் வேலைக்குப் பரிசோதகராக நியமிக்கப்பட்டார். காலை ஆறு மணிக்கே எழுந்து வேலையாட்கள் நேரத்துக்கு வருகிறார்களா என்று பார்ப்பதும், குப்பை வண்டிகளின் பின்னே சென்று கவனிப்பதும் வழக்கமாயின. ஒப்பந்தக்காரரை வற்புறுத்தி வண்டிகளை ஒன்பதிலிருந்து பதின்மூன்றாகவும், பின் பதினேழாகவும் பெருக்குவித்தார். அவ்வேலையிலும் தமக்குத் துணையாக நிலையவாசி ஒருவரைப் பழக்கினார். 1907 அளவில் பதின்மூன்று கட்டடங்களாக வளர்ந்திருந்த அத்தாபனம், 1931இல் சமாதானத்துக்கான நோபல் பரிசு பெற்ற அம்மையார் 1935இல் மறைந்த பின்னரும் மூடப்படவில்லை. பழைய கட்டடங்களிற் பெரும்பாலானவை 1960களில் பல்கலைக்கழகத்துக்காக இடிக்கப்பட்டபோதும் வேறிடங்களில் அதன் பணி நடந்தது. 2012 சனவரியிற் பணமின்றியே அது முடிவுற்றது.

ஆயினும் ஒருவனுக்கு ஓய்வே இல்லையென்றால், எத்துணை நல்ல நேரசூசியும் அவனுக்கு என்ன செய்யும்? இதனை அவர்கள் முதலாவது நத்தார் விழாவிலேயே உணர்ந்தனர். கொடுத்த மிட்டாயைச் சில சிறுமியர் வாங்க மறுத்தார்கள். தாம் மிட்டாய்த் தொழிற்சாலையில் வேலை செய்வதாகவும், அதைக் காணவே பொறுக்கவில்லை என்றும் கூறினார்கள். விசாரித்தபோது, ஆறு கிழமைகளாகக் காலை ஏழு மணி முதல் இரவு ஒன்பது மணிவரை அவர்கள் வேலை செய்திருந்தமை தெரியவந்தது. பதினான்கு மணித்தியாலம் உழைக்கும் பிள்ளைக்கு எந்தக் கழகத்தை எந்த நேரத்தில் வைப்பது?

1891இன் இறுதியில் அங்கு வந்து சேர்ந்த புளோரன்ஸ் கெலி என்பார் இக்கேள்வியைச் சட்டசபைக்கே கொண்டுசென்றார். தொழிற்சாலைகளில் பதினான்கு வயதுக்குட்பட்டோரை வேலைக்கு வைக்கலாகாது, பெண்களின் வேலை நாளொன்றுக்கு எட்டு மணித்தியாலத்தை மீறலாகாது என்று இலினோய் மாநிலத்தில் 1893இல் சட்டம் பிறந்தது. கெலி அம்மையாரே தலைமைத் தொழிற்சாலைப் பரிசோதகரானார். இரண்டே ஆண்டுகளில், 1895இல், எட்டு மணித்தியால விதியை மாநில உயர் நீதிமன்றம் செல்லாதென்று தள்ளியது. எஞ்சிய பகுதியை நிறைவேற்றும் பணியை அவர் 1897 வரை விடாது நடத்தினார். வேலை நேரத்துக்கும் சிறுவர் உழைப்புக்கும் வரம்பிடும் மத்திய சட்டம் அமெரிக்காவில் 1938இலேயே நிலைபெற்றது. அப்போது அடம்ஸ் அம்மையார் மறைந்து மூன்று ஆண்டுகளும், கெலி அம்மையார் மறைந்து ஆறு ஆண்டுகளும் ஆகியிருந்தன.