நேர்வாளமும் வெள்ளையணுவும்

போன வருஷம் என் தங்கையின் பேரனுக்குச் சீழ்க்கட்டி ஓயாமல் வந்துகொண்டிருந்தது. ஒன்று ஆறினால் இன்னொன்று. வெள்ளையணுக்கள் கிருமியைக் கொல்கின்றனவா என்று ரத்தத்தைச் சோதிக்கச் சொன்னார் டாக்டர். ஒரு ரசாயனத்தைச் சேர்த்து அணுக்களைத் தூண்டிப் பார்ப்பார்களாம். "அது எதில் கிடைப்பது?" என்று கேட்டேன். "நேர்வாள எண்ணெயில் இருக்கும் சத்துதான், ஐயா" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

முதுநகர் நாட்டு மருந்துக் கடையில், "நேர்வாளங்கொட்டையைத் தொட்ட கையைக் கண்ணில் வைக்காதே" என்று ஆயா அதட்டியது இன்னும் காதில் இருக்கிறது. பேதிக்குக் கொடுப்பதானாலும் வைத்தியர் முளையை நீக்கி, சுத்தி செய்து, அளவோடுதான் கொடுப்பார். எண்ணெய் பட்டால் தோல் கொப்பளித்துவிடும்.

அந்த எண்ணெயை 1940களில் ஆக்ஸ்போர்டில் ஐசக் பெரன்பிளம் எலிகளின் தோலில் தடவிப் பார்த்தார். புற்றுநோய் உண்டாக்கும் பொருளைக் கொஞ்சமாகத் தடவிவிட்டு, பிறகு வாரக்கணக்கில் இந்த எண்ணெயைத் தடவினால் கட்டிகள் கிளம்பின. எண்ணெய் மட்டும் என்றால் அநேகமாக ஒன்றுமில்லை. விதைத்தது வேறொன்று, தண்ணீர் ஊற்றி வளர்த்தது நேர்வாளம்.

1960களில் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் எரிக் ஹெக்கர் குழுவினர் அந்தச் சத்தைப் பிரித்தார்கள். போர்பால் எஸ்டர் என்று பெயர். அது அணுவுக்குள் புரோட்டீன் கைனேஸ் சி என்னும் நொதியை முடுக்குகிறது என்று 1982ல் ஜப்பானின் கோபே நகரில் நிஷிசுகா குழுவினர் காட்டினார்கள். அந்தக் கட்டுரையின் முதல் பெயர் மோனிக் கஸ்தாஞா என்ற பிரெஞ்சுப் பெண்மணி. பிரெஞ்சு வழியில் படித்தவனல்லவா, அந்தப் பெயர்தான் முதலில் கண்ணில் பட்டது.

என் ஆபீஸ் பாஷையில் சொல்கிறேன். அவசரக் கோப்பில் 'உடனடி' என்று ஒரு சீட்டு வைப்போம். வேலை முடிந்ததும் எடுத்துவிடுவோம். நோய் எதிர்ப்பு அணுவுக்குள்ளும் அப்படி ஒரு சீட்டு உண்டு. கிருமி வந்தால் தோன்றும், சற்று நேரத்தில் உடலே அதை அழித்துவிடும். நேர்வாளச் சத்து அந்தச் சீட்டைப் போலவே வேஷம் போடும். ஆனால் சீக்கிரம் அழியாது. கூடவே கால்சியத்தை அணுவுக்குள் ஏற்றும் மருந்தையும் சேர்த்தால், கிருமியே இல்லாமல் லிம்போசைட்டுகள் பெருகத் தொடங்கும். நெடுநேரம் விட்டுவைத்தால் அந்த நொதியே தீர்ந்துபோய், அணு அந்தச் சத்துக்கு அசையாது. எப்போதும் 'உடனடி' என்றிருக்கும் கோப்பை யார்தான் மதிப்பார்கள்?

பேரனின் சோதனையில் செய்ததும் இதுதான். அந்தச் சத்து பட்டதும் நல்ல வெள்ளையணு கிருமியைக் கொல்லும் ஆக்சிஜன் பொருளைக் கக்கும், சாயம் ஒளிரும். பிறவிக் குறையிருந்தால் ஒளிராது. பையனுடையது நன்றாக ஒளிர்ந்ததாம். தங்கை போனிலேயே அழுதுவிட்டாள்.

ஒன்று மட்டும்: இதைப் படித்துவிட்டு யாரும் நேர்வாளங்கொட்டையை வாங்கி அரைக்க வேண்டாம். ஆயா அதட்டியது அதட்டியபடியே இருக்கட்டும்.