சுற்றுலாக் கேரவன் (முதியோருக்கான தெரிவு)

சுற்றுலாக் கேரவன் என்பது மகிழுந்தின் பின்னால் இணைத்து இழுத்துச் செல்லப்படும், உறங்கவும் சமைக்கவும் குளிக்கவும் வசதியுள்ள நடமாடும் வீடு ஆகும். இதற்கெனத் தனி எந்திரம் கிடையாது. எந்திரமும் ஓட்டுநர் இருக்கையும் கொண்ட ஊர்தி மோட்டார் இல்லம் எனப்படும். அது வேறு வகை. தமிழகத்தில் திரைப்பட நடிகர்கள் படப்பிடிப்புத் தளத்தில் பயன்படுத்தும் ஒப்பனை ஊர்தியைக் கேரவன் என்று அழைப்பது வழக்கம். இக்கட்டுரை அதைப் பற்றியது அன்று. ஐக்கிய இராச்சியத்தில் முதிய பயணிகள், குறிப்பாக ஓய்வுபெற்ற தம்பதியர், புதிய சுற்றுலாக் கேரவன் ஒன்றைத் தெரிவு செய்யும்போது கருதவேண்டியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

வரலாறு

பொழுதுபோக்குக்காகவே கட்டப்பட்ட முதற் கேரவனாகப் பரவலாகக் கருதப்படுவது, முன்னாள் கடற்படை மருத்துவரும் எழுத்தாளருமான வில்லியம் கோர்டன் ஸ்டேபிள்ஸ் 1885இல் பிரிஸ்டல் நகரில் செய்வித்த 'வாண்டரர்' ஆகும். அதனைக் குதிரைகள் இழுத்தன. 1907இல் கேரவன் கழகம் தொடங்கப்பட்டது. அது 2017 முதல் கேரவன் மற்றும் மோட்டார் இல்லக் கழகம் என்னும் பெயரில் இயங்குகிறது. மகிழுந்து இழுக்கும் கேரவன்களை வணிக முறையில் உற்பத்தி செய்யும் தொழில் 1919இல் பர்மிங்காமின் எக்கிள்ஸ் நிறுவனத்துடன் தொடங்கியது. இன்று பிரித்தானியத் தயாரிப்புகளில் பெரும்பாலானவை ஹல் நகரையும் அதன் சுற்றுப்புறத்தையும் (சுவிஃப்ட், கோச்மன்), பிரிஸ்டலையும் (பெய்லி), கான்செட்டையும் (எல்டிஸ்) சேர்ந்தவை.

எடைக் கணக்கு

கேரவன் தெரிவில் முதலில் பார்க்கவேண்டியது அழகோ விலையோ அன்று, எடையே. இழுக்கும் மகிழுந்துக்குப் பொருந்தாத கேரவன் நெடுஞ்சாலையில் பாம்புபோல் இருபுறமும் நெளியத் தொடங்கும். கட்டுப்படுத்தத் தவறினால் மகிழுந்தையும் சேர்த்துக் கவிழ்த்துவிடும்.

ஒவ்வொரு கேரவனுக்கும் இரண்டு நிறைகள் குறிக்கப்பட்டிருக்கும். தொழிற்சாலையிலிருந்து வரும்போது உள்ள நிறை ஓடுநிலை நிறை. பொருட்களை ஏற்றியபின் தாண்டக்கூடாத நிறை உச்ச நிறை. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடே பயணிக்குக் கிடைக்கும் சுமையளவு ஆகும். பிரித்தானியக் கழகங்களும் தொழில்துறையும் நீண்டகாலமாகப் பரிந்துரைக்கும் விதிப்படி, கேரவனின் ஏற்றிய நிறை மகிழுந்தின் வெற்று நிறையில் 85 விழுக்காட்டைத் தாண்டாமல் இருப்பது நல்லது. இது சட்டம் அன்று, அறிவுரை மட்டுமே. ஆனால் மகிழுந்து உற்பத்தியாளர் குறிப்பிடும் இழுவை வரம்பு மீறக்கூடாதது.

ஓர் எடுத்துக்காட்டு: மகிழுந்தின் வெற்று நிறை 1,650 கிலோகிராம் எனில் அதன் 85 விழுக்காடு ஏறத்தாழ 1,400 கிலோகிராம். கேரவனின் உச்ச நிறை 1,400, ஓடுநிலை நிறை 1,250 எனக் கொண்டால் சுமையளவு 150 கிலோகிராம். தாராளமாகத் தோன்றும் இந்த 150 விரைவில் கரைந்துவிடும். நகர்த்தும் மோட்டாருக்கு 30 முதல் 35, ஈய மின்கலத்துக்கு 20 முதல் 25, முன்பந்தலுக்கு 20 என்று கழித்தால் எஞ்சுவது ஏறத்தாழ 70 முதல் 80 கிலோகிராம் மட்டுமே. உடை, உணவு, பாத்திரம், மடக்கு நாற்காலிகள் அனைத்தும் இதற்குள் அடங்கவேண்டும். முதியோருக்கு இதனுடன் மடக்குச் சக்கர நாற்காலியோ, நடைத்தாங்கியோ, மூச்சுக் கருவியோ சேரலாம். ஆகவே விற்பனைத் தாளில் உள்ள சுமையளவை அப்படியே நம்பாது, அதில் மின்கலமும் எரிவாயு உருளையும் கணக்கிடப்பட்டுள்ளனவா என்று கேட்டறிதல் வேண்டும். கனமான பொருட்களை மகிழுந்திலேயே ஏற்றுவது ஒரு வழி.

இணைப்புத் தலை மகிழுந்தின் இழுவைக் குண்டின்மேல் செலுத்தும் அழுத்தம் மூக்கு எடை எனப்படும். இது ஏற்றிய நிறையில் 5 முதல் 7 விழுக்காடு இருப்பது உகந்தது. மேற்கூறிய கேரவனுக்கு அது 70 முதல் 98 கிலோகிராம். மகிழுந்து, இழுவைச் சட்டம், இணைப்புத் தலை ஆகிய மூன்றின் வரம்புகளில் எது குறைவோ அதுவே செல்லும். மின்சார மகிழுந்துகள் சிலவற்றுக்கு இழுவை அனுமதியே இல்லை. அனுமதி உள்ளவற்றிலும் கேரவனை இழுக்கும்போது ஒரு மின்னேற்றத்தில் செல்லும் தொலைவு பெரிதும் குறையும்.

ஓட்டுநர் உரிமம்

கிரேட் பிரித்தானியாவில் 16 டிசம்பர் 2021 முதல், சாதாரண மகிழுந்து உரிமம் உள்ளோர் அனைவரும் 3,500 கிலோகிராம் வரையிலான இழுவையை இழுக்கலாம். அதற்கு முன் 1997 சனவரி 1 முதல் தேர்ச்சி பெற்றவர்களுக்குக் கட்டுப்பாடுகள் இருந்தன. 70 வயதானதும் உரிமத்தைப் புதுப்பிக்கவேண்டும். அதன்பின் 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கவேண்டும். 3,500 கிலோகிராமுக்கு மேற்பட்ட பெரிய மோட்டார் இல்லங்களை ஓட்டும் உரிமையை 70 வயதுக்குப் பின் தக்கவைக்க மருத்துவப் பரிசோதனை தேவை. இதனால் பெரிய மோட்டார் இல்லத்தைக் கைவிட்டுக் கேரவனுக்கு மாறுவோரும் உண்டு. கண்ணாடி அணிந்தேனும் 20 மீட்டர் தொலைவிலிருந்து எண் தகட்டைப் படிக்கும் பார்வை எல்லா ஓட்டுநர்க்கும் கட்டாயம்.

கேரவனை இழுக்கும்போது ஒற்றைச் சாலையில் மணிக்கு 50 மைல், இரட்டைச் சாலையிலும் மோட்டார் பாதையிலும் 60 மைல் என்பன வேக வரம்புகள். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட தடங்கள் உள்ள மோட்டார் பாதையில் வலக்கோடித் தடத்தைப் பயன்படுத்தக்கூடாது.

தம்பதியரில் ஒருவர் மட்டுமே இழுத்து ஓட்டப் பழகியிருப்பது பரவலான வழக்கம். அவர் பயணத்தின் நடுவே நோயுற்றால் மற்றவர் கேரவனோடு அந்நிய ஊரில் சிக்கிக்கொள்வார். எனவே, புதிய கேரவன் இருவராலும் ஓட்டக்கூடியதாக இருக்கவேண்டும் என்பதைத் தெரிவின் ஒரு நிபந்தனையாகவே கொள்ளலாம். கழகங்கள் இழுவைப் பயிற்சி வகுப்புகளை நடத்துகின்றன.

உள்ளமைப்பு

விற்பனைக் கூடத்தில் பகல் வெளிச்சத்தில் பார்க்கும்போது எல்லா உள்ளமைப்புகளும் நன்றாகவே இருக்கும். முதியோர் கேட்கவேண்டிய கேள்வி இரவு இரண்டு மணிக்கு உரியது: விளக்கைப் போடாமல், துணையை எழுப்பாமல், எதிலும் இடறாமல் படுக்கையிலிருந்து கழிவறைக்குச் செல்ல முடியுமா? இக்கேள்வியைக் கொண்டு முக்கிய அமைப்புகளை ஒப்பிடலாம்.

பிரெஞ்சுப் படுக்கை எனப்படுவது ஒரு பக்கம் சுவரோடு ஒட்டிய நிலையான இரட்டைப் படுக்கை. கேரவனின் நீளத்தைக் குறைக்க இது உதவும். ஆனால் சுவரோரம் படுப்பவர் மற்றவரைத் தாண்டியே இறங்கவேண்டும். கால்மாட்டில் ஒரு மூலை வெட்டப்பட்டிருப்பதால் உயரமானவர்க்குக் காலை நீட்ட இடம் போதாது. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இது ஏற்றதன்று.

தீவுப் படுக்கையில் இருபுறமும் இறங்கலாம். இது இரு வகைப்படும். நீளவாட்டில் அமைந்தது வசதியானது, ஆனால் கேரவன் நீண்டு எடையும் கூடும். குறுக்குவாட்டில் அமைந்ததைப் பகலில் உள்ளே தள்ளி, இரவில் இழுத்து நீட்டவேண்டும். நீட்டியபின் கால்மாட்டுக்கும் எதிர்ச் சுவருக்கும் இடையே உள்ள வழி குறுகிவிடும். நடைத்தாங்கி இதனுள் நுழையுமா என்பதைப் படுக்கை நீட்டப்பட்ட நிலையில் அளந்து பார்த்தல் வேண்டும். விற்பனைக் கூடங்களில் இப்படுக்கை பெரும்பாலும் உள்ளே தள்ளிய நிலையில்தான் காட்டப்படுகிறது.

இரட்டைத் தனிப் படுக்கைகள் நடுவே நடைவழி கொண்டவை. தூக்கம் கலைவதும் வெவ்வேறு நேரங்களில் எழுவதும் வயதானோர்க்கு இயல்பாதலால் இவ்வமைப்பு அவர்களுக்குப் பெரிதும் பொருந்தும்.

இவற்றினும் பழையது, இருவருக்கான பின்குளியலறை அமைப்பு. முன்பகுதியில் எதிரெதிரான இரு நீள இருக்கைகள், நடுவில் சமையலிடம், பின்கோடியில் முழு அகலக் குளியலறை. இருக்கைகளே இரவில் தனிப் படுக்கைகளாகும் என்பதால் கேரவன் குட்டையாகவும் எடை குறைந்தும் இருக்கும். நாள்தோறும் படுக்கை விரிக்கவேண்டும் என்பது இதன் குறை. தனிப் படுக்கையாகவே பயன்படுத்தினால் அவ்வேலையும் சிறிதே. இருவர் மட்டும் பயணம் செய்யும், நடுத்தர மகிழுந்து வைத்திருக்கும் முதியோருக்கு இதுவே பல வகையிலும் முதற்கண் கருதத்தக்கது. இருக்கையின் நீளத்தைப் படுத்துப் பார்த்தே உறுதி செய்யவேண்டும்.

பெரும்பாலான பிரித்தானியக் கேரவன்கள் ஏறத்தாழ 2.2 முதல் 2.3 மீட்டர் அகலமுடையவை. 8 அடி அகல வகைகளும் (ஏறத்தாழ 2.45 மீட்டர்) இப்போது பரவலாக உள்ளன. உள்ளே இருவர் ஒருவரையொருவர் கடக்க அவை எளிது. ஆனால் கார்ன்வால், வேல்ஸ் போன்ற இடங்களின் ஒடுங்கிய சாலைகளில் அந்த அகலமே தொல்லையாகும்.

ஏறுபடியின் உயரம், வாயிலில் கைப்பிடி, குளியலறைத் தளத்தின் விளிம்பு, கழிவறை இருக்கையின் உயரம் ஆகியவற்றையும் நேரில் சோதிக்கவேண்டும். பிரித்தானியக் கேரவன்களின் கதவு சாலையோரப் பக்கமான இடப்புறத்தில் இருக்கும். ஐரோப்பிய நிலப்பரப்புக்கெனச் செய்யப்பட்டவற்றில் கதவு வலப்புறம் இருப்பதால், பிரித்தானியச் சாலையோரத்தில் நிறுத்தினால் இறங்குபவர் போக்குவரத்தின் பக்கம் கால் வைப்பார்.

தூக்கும் வேலைகள்

கேரவன் வாழ்வைப் பலர் கைவிடக் காரணம் ஓட்டுவது அன்று, தூக்குவதும் குனிவதும்தான்.

தரிப்பிடத்தில் கேரவனைக் கையால் தள்ளும் வேலையை நகர்த்தும் மோட்டார் நீக்கிவிட்டது. சக்கரங்களை உருளைகள் மூலம் சுழற்றும் இக்கருவி மின்கலத்தில் இயங்குவது. தொலை இயக்கியால் கட்டுப்படுத்தப்படுவது. மகிழுந்தைப் பின்னோக்கி ஓட்டி இழுவைக் குண்டைச் சரியாகக் கொண்டுவரும் சிரமமும் இல்லை. கேரவனே மகிழுந்தை நோக்கி வரும். முதியோருக்கு இது ஆடம்பரம் அன்று. வாங்கும்போதே பொருத்தச் செய்து, அதன் நிறையைக் கணக்கில் சேர்த்துக்கொள்வது நன்று. ஈரச்சு வகைக் கேரவன் சாலையில் உறுதியானதாயினும், தரிப்பிடத்தில் திருப்புவதற்குக் கடினமானது.

நான்கு மூலைத் தாங்கிகளையும் குனிந்து சுழற்றி இறக்கவேண்டும். மின்கலத் துளைக்கருவியில் பொருத்தும் முனையொன்று இதற்குக் கிடைக்கிறது. விலை மிகுந்த தானியங்கிச் சமன்படுத்திகளும் உண்டு, ஆனால் அவை சுமையளவை விழுங்குபவை.

தண்ணீர் பொதுவாக 40 லிட்டர் கொள்ளும் உருளைக் கலனில் நிலத்தில் உருட்டிக் கொணரப்படுகிறது. உருட்டுவது எளிது, மேட்டில் எளிதன்று. 29 லிட்டர்க் கலனும் கிடைக்கிறது. கேசட் கழிவறையின் தொட்டி ஏறத்தாழ 18 லிட்டர் கொள்ளும். நிறைந்தால் 20 கிலோகிராமைத் தொடும். சக்கரம் இருந்தாலும் வெளியே இழுக்கும்போதும் கவிழ்த்துக் கொட்டும்போதும் தூக்கியே ஆகவேண்டும். பாதி நிறைந்ததும் கொட்டிவிடும் பழக்கம் முதுகைக் காக்கும். தண்ணீர்க் குழாயும் வடிகாலும் உள்ள முழுவசதித் தரிப்பிடங்களுக்குக் கட்டணம் கூடுதல். இவ்வசதிகளைப் பொதுவாக ஐந்து கேரவன்களுக்கு மட்டும் இடமளிக்கும் கழகச் சான்றுபெற்ற சிறு பண்ணைத் தளங்களில் எதிர்பார்க்க இயலாது.

வெப்பமும் மின்சாரமும்

சூடான காற்றை ஊதும் முறை விரைவில் வெப்பமூட்டும். சூடான நீர்மம் குழாய்களில் சுற்றும் ஆல்டே முறை மெதுவாகத் தொடங்கினாலும், ஓசையின்றிச் சீரான வெப்பம் தரும். மூட்டுவலி உள்ளோரும் குளிர்காலப் பயணிகளும் இதனை விரும்புவர். இதன் நிறையும் விலையும் கூடுதல்; நீர்மத்தைக் குறித்த கால இடைவெளியில் மாற்றவேண்டும்.

தரிப்பிட மின்னிணைப்பு 16 ஆம்பியர் எனில் ஏறத்தாழ 3.7 கிலோவாட், 10 ஆம்பியர் எனில் 2.3 கிலோவாட் கிடைக்கும். இரண்டாவதில் 2 கிலோவாட் வெப்பமூட்டியோடு மின்கெண்டியையும் இயக்கினால் இணைப்பு துண்டிக்கப்படும். இன்சுலின் குளிரவேண்டியவர், உறக்க மூச்சுக் கருவி பயன்படுத்துபவர் ஆகியோர் 12 வோல்ட்டிலும் அவை இயங்குமா, மின்கலம் எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதை முன்பே கணக்கிடுதல் வேண்டும். கார்பன் ஓரொட்சைட்டு எச்சரிக்கைக் கருவி கட்டாயம் இருக்கவேண்டும்.

வாங்குதல்

ஆண்டுதோறும் பர்மிங்காமின் தேசியக் கண்காட்சி மையத்தில் பிப்ரவரியிலும் அக்டோபரிலும் பெரிய கண்காட்சிகள் நடைபெறுகின்றன. பல நிறுவனங்களின் உள்ளமைப்புகளை ஒரே நாளில் ஏறி இறங்கிப் பார்க்க இது நல்ல வாய்ப்பு. எனினும் வாங்கும் இடம் வீட்டுக்கு அருகில் இருப்பதே நல்லது. நீர்க்கசிவுக்கான பல ஆண்டு உத்தரவாதம் பொதுவாக ஆண்டுப் பராமரிப்பைத் தவறாது செய்தால்தான் செல்லும். பழுது நீக்க ஒவ்வொரு முறையும் 200 மைல் இழுத்துச் செல்வது 75 வயதில் இயலாது. லங்காஷயரைச் சேர்ந்த லூனார் நிறுவனம் 2019இல் நொடித்தது போன்ற நிகழ்வுகளில், உத்தரவாதத்துக்கு விற்பனையாளரையே நாடவேண்டியிருக்கும்.

இழுத்துச் செல்வது கடினமாகிவிட்டவர்கள் பருவத் தரிப்பிடத்தில் கேரவனை மாதக்கணக்கில் நிறுத்திவைத்துச் சென்று தங்குவதும் உண்டு. அவ்வாறு அசையாது நிற்கும் கேரவனுக்கும் டயர்கள் மூப்படையும். வரித்தடம் தேயாதிருப்பினும் 5 ஆண்டுகளில் மாற்றுவது பரிந்துரைக்கப்படுகிறது. 7 ஆண்டுகளுக்கு மேல் பயன்படுத்தலாகாது.