சுமைதாங்கிக் கல்லும் கேமரன் மலைக் கூடையும்

சுமை தூக்குதல் என்னும் தொழிலில் மூன்று நிலைகள் உள. கிடக்கும் பொருளை எடுத்து உடல்மேல் ஏற்றுதல் ஒன்று. அதனைத் தாங்கி நடத்தல் ஒன்று. இறக்கி உரிய இடத்தில் வைத்தல் மற்றொன்று. நடப்பதற்கு ஓர் ஆள் போதும். ஏற்றவும் இறக்கவுமே துணை வேண்டியிருக்கிறது. விறகுக் கட்டோடு செல்பவர் வழியில் எதிர்ப்படுவோரிடம், “சற்றுத் தூக்கிவிடுங்கள்” என்று கேட்பது இதனால்தான். அவ்வாறு கைகொடுக்க ஒருவரும் இல்லாத இடத்தில் தனியாள் என்ன செய்வது? இவ்வினாவுக்குத் தமிழர் கண்ட விடைகள் சில உண்டு. அவை கேமரன் மலையில் கொழுந்துக் கூடை சுமந்தவர்களின் உழைப்பை அறிந்துகொள்ள உதவும். இன்று வீட்டில் தனித்திருந்து வேலை செய்வோர்க்கும் பயன்படும். அவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

சொற்கள் கூறும் செய்தி

சும என்னும் வினையிலிருந்து சுமை பிறந்தது. தலைக்கும் சுமைக்கும் இடையே வைக்கும் துணிச் சுருளுக்குச் சும்மாடு என்று பெயர். பார்வைக்குச் சிறிய பொருளாயினும் அது செய்யும் வேலை பெரிது. ஒரு புள்ளியில் அழுத்தும் எடையைத் தலை முழுவதும் பரப்பி விடுகிறது. உருண்டையான அடியுள்ள குடத்துக்கும் தட்டையான இருக்கை அமைத்துத் தருகிறது.

காவுதல் என்பது தோளில் சுமத்தல். காவும் தடி காவடி ஆயிற்று. தடியின் இரு முனைகளிலும் ஒத்த எடையைத் தொங்கவிட்டால் முதுகு ஒரு பக்கம் சாயாது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் மிளகுப் பொதி சுமந்து செல்லும் கழுதைகள் வருகின்றன. இரு புறமும் எடை ஒத்திருக்குமாறு கட்டிய பொதிகளையும், சுமந்து சுமந்து வடுப்பட்ட அவற்றின் முதுகையும் புலவர் ஒருங்கே காட்டுகிறார். சுமையைச் சமன் செய்யும் அறிவும், சமன் செய்த பின்னும் உடல் படும் துன்பமும் ஆகிய இரண்டையும் அவர் கண்டிருக்கிறார்.

மலாய் மொழியில் இவ்வாறு தோளில் காவுதலைக் கண்டார் என்பர். பினாங்கில் தமிழ் முஸ்லிம் வணிகர் சோற்றையும் குழம்பையும் தடியின் இரு முனையில் தொங்கவிட்டுத் தெருத்தெருவாக விற்றதால்தான் நாசி கண்டார் என்னும் பெயர் உண்டாயிற்று. ரப்பர்த் தோட்டத் தமிழில் பால் வாளிகளைத் தூக்கும் தடி ‘காண்டா’ என வழங்கியதும் இதனோடு ஒப்பிடத் தக்கது.

பொறை என்னும் சொல்லுக்குச் சுமை என்பதும் பொருள். பொறுமை என்பதும் பொருள். திருக்குறளில் பொறையுடைமை ஓர் அதிகாரமாகவே அமைந்துள்ளது. ஆயினும் சுமப்பவனுடைய பொறுமையைப் புகழ்வதோடு நம் முன்னோர் நின்றுவிடவில்லை. அவனுக்காக வழியில் ஒரு கல்லையும் நட்டனர். அதுவே சுமைதாங்கி.

சுமைதாங்கியின் அமைப்பு

இரண்டு கற்றூண்களை நிலத்தில் ஊன்றி, அவற்றின் மேல் ஒரு பலகைக் கல்லைக் குறுக்கே கிடத்தினால் சுமைதாங்கி ஆகிவிடும். செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு சுவர்போல் கட்டப்பட்டனவும் உண்டு. உயரம் ஏறத்தாழ 4 முதல் 5 அடி. சாலையோரத்திலும், குளக்கரையிலும், ஆலமர நிழலிலும், பல வழிகள் கூடும் இடத்திலும் இவற்றைக் காணலாம். கேரளத்தில் இதற்கு அத்தாணி என்று பெயர்; அப்பெயரே ஊர்ப்பெயராக நிலைத்த இடங்களும் அங்கு உள்ளன. யாழ்ப்பாணத்தில் மடம், கேணி, மாடு உடல் உரசிக்கொள்ளும் ஆவுரஞ்சிக்கல் ஆகியவற்றோடு சுமைதாங்கியும் சேர்ந்து ஒரு தொகுதியாக விளங்கியது. மனிதனுக்கு நிழல், மாட்டுக்குக் கல், இருவர்க்கும் தண்ணீர், சுமைக்கு மேடை என்ற முறையில் அறம் அங்கே வகுக்கப்பட்டிருந்தது.

இதன் நுட்பம் உயரத்தில் இருக்கிறது. தலைச்சுமையோடு வருபவர் கல்லின் அருகே நின்று, உடலைச் சிறிதே தாழ்த்தி, சுமையை முன்னோ பக்கமோ நகர்த்தினால் அது கல்லின்மேல் அமர்ந்துவிடும். இளைப்பாறிய பின் மீண்டும் தலையைக் கொடுத்துச் சுமையைத் தன்பால் இழுத்துக்கொண்டால் போதும். தரைவரை இறக்குவதும் தரையிலிருந்து ஏற்றுவதும் இங்கே இல்லை. 25 கிலோ மூட்டை ஒன்றைத் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயர்த்த வேண்டிய உழைப்பு, ஓர் அடி நகர்த்தும் உழைப்பாகக் குறைகிறது. இரண்டாம் ஆள் செய்ய வேண்டிய வேலையைக் கல் செய்துவிடுகிறது.

இக்கல்லை நடும் வழக்கத்தில் உள்ளத்தை உருக்கும் செய்தி ஒன்று உண்டு. கருவுற்ற நிலையிலேயே இறந்துபட்ட பெண்ணின் நினைவாக அவள் குடும்பத்தார் சுமைதாங்கி நிறுவுவர். வயிற்றுச் சுமையை இறக்கி வைக்காமலே போனவள் அவள். வழிச்செல்வோர் தம் சுமையை இக்கல்லில் இறக்கும்போதெல்லாம் அவள் உயிர் ஆறுதல் பெறும் என்பது நம்பிக்கை. சில கற்களில் நிறுவியவர் பெயரும் ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கும். ஒரு வீட்டின் துயரம் ஊர் முழுவதற்கும் பயன்படும் கருவியாக மாறிய அருமை இது.

இளவட்டக்கல்

சுமைதாங்கி உழைப்பவனுக்கு உதவுவது. இளவட்டக்கல் வலிமையைச் சோதிப்பது. தமிழகத்தின் தென்மாவட்டச் சிற்றூர்களில் உருண்டையான பெருங்கல் ஒன்று கிடக்கும். அதனைத் தூக்கித் தோளேற்றிப் பின்புறம் எறிய வல்லவனே மணமகனாகத் தக்கவன் என்று முன்பு கருதினர். இன்றும் பொங்கல் நாளில் சில ஊர்களில் இப்போட்டி நடைபெறுகிறது.

கல்லைத் தூக்கும் முறையைக் கூர்ந்து பார்க்க வேண்டும். எவனும் இடுப்பை வளைத்து ஒரே மூச்சில் அதை மேலே இழுப்பதில்லை. காலை அகற்றிக் குந்தி, கல்லைத் தொடைமேல் ஏற்றுகிறான். அங்கு ஒரு கணம் நிறுத்தி, மார்போடு அணைக்கிறான். கால்களின் வலிமையால் எழுந்து நிற்கிறான். பிறகுதான் கல் தோளுக்குச் செல்கிறது. தொடை, மார்பு, தோள் ஆகிய மூன்றும் அவன் உடலிலேயே அமைந்த மூன்று சுமைதாங்கிகள். கல் எந்த நிலையிலும் உடலைவிட்டு விலகுவதில்லை. வலிமையைச் சோதிக்கும் விளையாட்டே வலிமையைச் சிக்கனமாகச் செலவிடும் முறையையும் கற்பித்தது.

கேமரன் மலையில்

பகாங் மாநிலத்து இம்மலைக்கு, 1885-இல் நில அளவை செய்த வில்லியம் கேமரன் என்பாரின் பெயர் அமைந்தது. 1925-இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் இங்கு வந்து பார்த்த பின்னரே மலைவாழிடமாகவும் பயிர் நிலமாகவும் இதனை ஆக்கும் முயற்சி தொடங்கிற்று. ஜே. ஏ. ரசல் 1929-இல் போ தேயிலைத் தோட்டத்தை நிறுவினார். தாப்பாவிலிருந்து மலையேறும் சாலை 1931-இல் நிறைவெய்தியது. 1933-இல் பாரத் தேயிலை நிறுவனம் தோன்றியது. காடு திருத்திய தொடக்க நாட்களில் கோவேறு கழுதைகளும் ஒரே ஒரு நீராவி உருளை வண்டியுமே மனிதர்க்குத் துணையாக இருந்தன என்று போ தோட்ட வரலாறு கூறுகிறது. மற்றவை யாவும் மனிதர் கையாலும் முதுகாலும் நடந்தன.

அம்முதுகுகளில் பல தமிழர் முதுகுகள். மலாயாவில் இந்தியர் ஒப்பந்தக் கூலிமுறை 1910-இல் ஒழிந்தது. கங்காணி வழியாக ஆள் திரட்டும் முறை அதன்பின்னும் நீடித்தது. 1938-இல் இந்திய அரசு உடலுழைப்புத் தொழிலாளர் மலாயா செல்வதைத் தடை செய்தபோது அதுவும் நின்றது. அதற்குள் தமிழ்க் குடும்பங்கள் மலைத்தோட்ட லயங்களில் வேரூன்றிவிட்டன.

தேயிலைத் தொழிலின் சுமைக்குத் தனி இயல்பு உண்டு. ஒரு கிலோ தேயிலைத் தூள் செய்ய நான்கு அல்லது ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். ஆகவே நாம் கடையில் வாங்கும் எடையைப் போல் நான்கைந்து மடங்கு எடை, சரிவான நிலத்தில், ஒருவர் முதுகில் இறங்கியும் ஏறியும் வந்திருக்கிறது. காலையில் வெறுங்கூடையாகப் புறப்படுவது நிறுவைக்கு வரும்போது பாரமாகிறது. மழைநாளில் இலையோடு நீரும் சேர்ந்து எடை கூடும். கொழுந்து சிறிது சிறிதாகச் சேர்வதால் சுமை ஏறுவது தெரிவதில்லை. மயிற்பீலியேயாயினும் அளவு மிகுந்தால் வண்டியின் அச்சு முறியும் என்று வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் காட்டிய உவமைக்கு இதனினும் பொருத்தமான சான்று வேறு வேண்டுவதில்லை.

முதுகுக் கூடையைத் தனியாக ஏற்றிக்கொள்ளும் வழியை மலையே தருகிறது. சரிவின் மேற்கரையில் கூடையை வைத்து, கீழே முதுகைத் திருப்பி நின்றால் கூடை தோளுக்கு நேராக வந்துவிடும். வாரை மாட்டி, முன்னோக்கி ஓர் அடி வைத்தால் சுமை உடலில் பொருந்தும். இறக்கும்போதும் இம்முறையே. சமவெளியில் கல் நட்டுப் பெற வேண்டிய உயரம் சரிவில் தானே கிடைக்கிறது. இன்று பெரிய தோட்டங்களில் கத்தரிகளும், இருவர் பிடித்து நடத்தும் கொய்பொறிகளும் வந்துவிட்டன. தொழிலாளருள் பலர் வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியா ஆகிய நாடுகளிலிருந்து வந்தவர்கள். தோளும் முதுகும் ஆள் மாறின, சரிவு மாறவில்லை.

இக்கால அளவை

முன்னோர் பட்டறிவால் கண்டதை இக்கால ஆய்வு எண்ணால் காட்டுகிறது. அமெரிக்கத் தொழில் நலப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1991-இல் திருத்தியமைத்த தூக்கும் கணக்கில், எல்லா நிலைமைகளும் நன்றாக அமைந்தபோது இரு கையால் தூக்கத் தக்க மிகுதியான எடை 23 கிலோ. நல்ல நிலைமை என்பது, கைகள் தரைக்கு மேல் 75 சென்டிமீட்டர் உயரத்திலும் கணுக்காலுக்கு முன்னே 25 சென்டிமீட்டர் தொலைவிலும் இருப்பது. பிறவெல்லாம் மாறாமல், கைகள் தரைமட்டம்வரை தாழ்ந்தால் இந்த அளவு ஏறத்தாழ 18 கிலோ ஆகிறது. ஒன்றரை மீட்டர் உயரத்துக்குச் சென்றாலும் அதே 18 கிலோதான். தொலைவு 25 சென்டிமீட்டரிலிருந்து 50 ஆனாலோ அளவு நேர்பாதியாகி 11.5 கிலோவில் நிற்கிறது.

பொருளின் எடை கூடவில்லை. உடலிலிருந்து ஒரு சாண் விலகியது, அவ்வளவே. ஆனால் முதுகெலும்புக்கு அது இருமடங்குச் சுமை. நெம்புகோலின் நீளம் கூடினால் விசை பெருகும் என்று ஆர்க்கிமிடீஸ் கூறிய விதி, இங்கே நம் இடுப்புக்கு எதிராக வேலை செய்கிறது. இளவட்டக்கல்லைத் தூக்குபவன் அதை மார்போடு அணைத்தது ஏன் என்பதும், சுமைதாங்கியைத் தரையோடு தரையாகக் கட்டாதது ஏன் என்பதும் இதனால் விளங்கும்.

சட்டமும் இதனைக் கருதியுள்ளது. பன்னாட்டுத் தொழிலமைப்பு 1967-இல் மிகுதிச் சுமை பற்றிய உடன்படிக்கை ஒன்றை ஏற்படுத்தியது. உடல்நலத்துக்குக் கேடு செய்யும் எடையைத் தொழிலாளி சுமக்குமாறு செய்யலாகாது என்பது அதன் கருத்து. அதனோடு வந்த பரிந்துரை வளர்ந்த ஆண்மகனுக்கு 55 கிலோவை மேலெல்லையாகக் காட்டியது. பெண்களுக்கும் இளையோர்க்கும் அதனினும் மிகக் குறைவாக இருத்தல் வேண்டும் என்றது.

வீட்டில் தனித்திருப்போர்க்கு

தொழிலிடத்துக்குச் சட்டம் உண்டு, வீட்டுக்கு இல்லை. பிள்ளைகள் நகரத்துக்குச் சென்றபின் தோட்டத்து வீடுகளில் முதியோர் தனித்திருப்பது பெருகியுள்ளது. 14 கிலோ எரிவாயு உருளை, உருளையின் எடையும் சேர்ந்து ஏறத்தாழ இருமடங்காகிறது. அது மேலே கண்ட 23 கிலோவைத் தாண்டியது. அதனைத் தனியாள் தூக்குவது தகாது. கொண்டுவருபவரிடமே அடுப்பருகில் நிமிர்த்தி வைக்கச் சொல்லலாம். இல்லையேல் சிறு தள்ளுவண்டியை நாடலாம்.

அம்மி, ஆட்டுக்கல், உரல் ஆகியவற்றை நம் பாட்டிமார் இடம் மாற்றிய முறை இன்றும் பயன்படும். அவர்கள் உரலைத் தூக்கவில்லை. சாய்த்து விளிம்பில் உருட்டினர். அம்மியின் ஒரு முனையைக் கடப்பாரையால் நெம்பி, அடியில் சாக்கைச் செருகி இழுத்தனர். நிலைப்பேழையையும் இவ்வாறே உள்ளிருப்பதை ஒழித்துவிட்டு, சாக்கின்மேல் நகர்த்தலாம். நகர்த்துமுன் வழியையும் வைக்குமிடத்தையும் ஒழுங்கு செய்தல் வேண்டும். பொருளைத் தூக்கிக்கொண்டு இடம் தேடலாகாது. அரிசி மூட்டையைத் தரையிலிருந்து மேடைக்கு நேரே ஏற்றாமல், இடையில் ஒரு உறுதியான முக்காலியில் நிறுத்தி ஏற்றலாம். பாரமான பொருள்களை முழங்காலுக்கு மேலும் மார்புக்குக் கீழும் வைத்தால் நாள்தோறும் குனிய வேண்டுவதில்லை. திரும்ப வேண்டின் இடுப்பை முறுக்காமல் காலை எடுத்து வைத்துத் திரும்புதல் நன்று. பகுக்கக் கூடியதைப் பகுத்தும், பகுக்க இயலாததை அயலார் வரும்வரை அப்படியே விட்டும் வைத்தல் அறிவுடைமை. துணை கேட்பது இழிவன்று. கேட்க ஆளில்லாத வழிக்கென்றே கல் நட்ட இனம் நம்முடையது.

சொல்லும் பொருளும்

சாலைகளை அகலப்படுத்தும்போது சுமைதாங்கிகள் பல பெயர்த்தெறியப்பட்டன. சொல் மட்டும் உவமையாக வாழ்கிறது. 1962-இல் வெளிவந்த திரைப்படம் ஒன்றுக்கே அது பெயராயிற்று. குடும்பப் பாரம் முழுவதையும் வாய்திறவாமல் வாழ்நாள் முழுதும் சுமப்பவரைச் சுமைதாங்கி என்று இன்று போற்றுகிறோம். கல்லின் வரலாற்றை அறிந்தவர்க்கு இவ்வழக்கில் ஒரு பிழை தென்படும். அக்கல் எவருடைய சுமையையும் நிலையாக ஏற்றதில்லை. களைத்தவன் மூச்சு வாங்கும்வரை தாங்கி, பின்னர் அவனிடமே திருப்பித் தந்தது. சுமப்பவன் ஒருவன், அவனை இளைப்பாறச் செய்வது ஒன்று. இரண்டையும் ஒரே ஆளின் தலையில் ஏற்றுவது சுமைதாங்கி நட்டவர்களின் கருத்தாகாது.

தமிழாசிரியர்கள் வகுப்பில் இச்சொல்லுக்குப் பொருள் கூறும்போது, இரு தூணும் ஒரு பலகையுமாகக் கரும்பலகையில் ஒரு படம் வரைந்து காட்டலாம். அதன் உயரம் ஏன் தோளளவு என்று மாணவரைக் கேட்கலாம். அதற்கு விடை கண்ட பிள்ளை, தன் புத்தகப் பையைத் தரையிலிருந்து வெடுக்கென இழுக்காமல் மேசைமேல் வைத்துத் தோளில் மாட்டப் பழகும். வீட்டில் பாட்டி அரிசி மூட்டையைத் தூக்கக் குனியும்போது ஓடிச்சென்று ஒரு முனையைப் பிடிக்கும்.