காணமும் வயித்துப் புண்ணும்

மாஞ்சோலை வரிசையில போன எபிசோட் குத்தகைக் கதை. 1929-ல் சிங்கம்பட்டி ஜமீன்கிட்ட இருந்து பாம்பே பர்மா கம்பெனி 8,000 ஏக்கருக்கு மேல 99 வருஷத்துக்கு எடுத்தது வரைக்கும் பேசினோம். தேயிலைக் காட்டுல நெல்லும் பயறும் விளையாது, தானியம் கீழேருந்துதான் ஏறணும். அப்படிக் கீழே மானாவாரியில விளையுற ஒரு விதையைப் பத்தித்தான் இன்னைக்கு. நம்ம திருநெல்வேலிப் பக்கம் காணம், மத்த ஊர்ல கொள்ளு.

1950, 60-களில் மைசூர் ஹோல்ட்ஸ்வொர்த் ஆஸ்பத்திரியில ஃபிராங்க் டோவேன்னு ஒரு ஆங்கிலேய சர்ஜன் இருந்தார். முன்சிறுகுடல் புண்ணோட வர்ற நோயாளிகள் அவருக்கு ஏராளம். ஆனா பஞ்சாப், ராஜஸ்தான் பக்கம் இந்த நோய் குறைவு. ரயில்வே டாக்டர் மல்ஹோத்ராவும் 1964-ல் இதே வித்தியாசத்தை எழுதியிருக்கார். தெற்கே தீட்டின அரிசி, வடக்கே தவிடு போகாத கோதுமை. உடனே எல்லாரும் மிளகாயைக் கைகாட்டினாங்க. டோவே உணவையே பிரிச்சுப் பார்க்கக் கிளம்பிட்டார்.

1980-ல் ஜெயராஜ், டோவே, கிளார்க் மூணு பேரும் எலிகள்ல செஞ்ச சோதனை வெளியாச்சு. கோதுமைப் பகுதி உணவுலயும் சில பயறுகள்லயும் புண்ணைத் தடுக்கிற ஏதோ இருக்குன்னு தெரிஞ்சது. பின்னாடி வந்த சோதனைகள்ல முன்னுக்கு வந்தது காணம்தான். பலன் அதோட எண்ணெய்ப் பகுதியில இருந்தது, குறிப்பா பாஸ்போலிப்பிட், ஸ்டெரால்ல. இரைப்பையோட உள்சுவர்லயும் இதே மாதிரி ஒரு கொழுப்புப் படலம் இருக்கு, அது அமிலத்தை ஒட்ட விடாது. இன்னொண்ணு, புதுத் தவிட்டெண்ணெய் எலிகளைக் காப்பாத்துச்சு, நாள்பட்டது புண்ணாக்குச்சு. என்னைக் கேட்டா இந்தக் கதையிலயே சுவாரஸ்யமான இடம் இதுதான்.

நடுவுல 1982-ல் ஆஸ்திரேலியாவுல வாரனும் மார்ஷலும் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமியைப் பிடிச்சாங்க, 2005-ல் நோபல். சாப்பாட்டுக் கேள்வி அதோட ஓரமாப் போயிடுச்சு. ஆனா டோவே விடலை. கிருமி வடக்கேயும் தெற்கேயும் பரவலா இருக்கு, புண் மட்டும் ஏன் ஒரு பக்கம் அதிகம்? நம்ம தொழில் பாஷையில சொன்னா, ரெண்டு சர்வர்லயும் ஒரே பக், ஒண்ணுதான் கிராஷ் ஆகுது. அப்போ கான்ஃபிக்ல ஏதோ வேற மாதிரி இருக்குன்னுதானே தேடுவோம்?

இதைக் கேட்டுட்டு மாத்திரையை நிறுத்திடாதீங்க. கிருமி இருந்தா ஆன்டிபயாடிக் வேணும். மலம் தார் மாதிரி கறுப்பாப் போனா அன்னைக்கே ஆஸ்பத்திரி. காணம் சோதனை நடந்தது எலிகிட்ட, அதுவும் துவையல் கொடுத்து இல்லை. எங்க ஆச்சி அரைக்கிற காணத் துவையல்ல காணத்துக்குச் சரிக்குச் சரி வத்தல் இருக்கும்.