பல்வாரின் கதை: இரப்பர் நாடும் சிறு மகிழுந்தும்

1985ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 3ஆம் நாள் பினாங்கு மக்கள் மறக்கவொண்ணாத நாளாகும். தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் 13.5 கிலோமீட்டர் நீளப் பாலம் அன்று திறப்பு விழாக் கண்டது. அதனைத் திறந்துவைத்த பிரதமர் டாக்டர் மகாதீர், அவ்வாண்டு ஜூலை 9ஆம் நாள் அறிமுகமான முதல் தேசிய மகிழுந்தாகிய புரோட்டோன் சாகாவில் அமர்ந்து பாலத்தைக் கடந்தார். பாலத்தின் பெருமையையும் மகிழுந்தின் பெருமையையும் பேசியோர் பலர். ஆயின், அம்மகிழுந்தின் பொறியில், ஒரு மூடிக்குப் பின்னால், எவர் கண்ணிலும் படாமல் சுழன்றுகொண்டிருந்த ஒரு சிறு பொருளைப் பற்றிப் பேசியோர் அரியர். அது இரப்பரால் ஆகிய பல்வார். பட்டறைகளில் அதனை ‘டைமிங் பெல்ட்’ என்பர்.

இரப்பரோடு பிறந்து இரப்பரோடு வளர்ந்தது மலேசியத் தமிழர் வாழ்வு. ஆகவே, ஓர் இரப்பர் வாரின் வரலாறு அவர்களுக்கு அயலார் வரலாறு ஆகாது.

வாரின் பணி

மகிழுந்துப் பொறியில் இரு தண்டுகள் உள்ளன. உருளைகளில் எரிபொருள் எரியும்போது பிஸ்டன்கள் மேலும் கீழும் இயங்கிக் கீழுள்ள கிராங்க் தண்டைச் சுழற்றுகின்றன. மேலுள்ள கேம் தண்டு, காற்றும் எரிபொருளும் உட்புகும் வால்வுகளையும் புகை வெளியேறும் வால்வுகளையும் திறக்கிறது. வில்கள் அவற்றை மூடுகின்றன. உறிஞ்சல், அமுக்கல், எரிதல், வெளியேற்றல் என்னும் நான்கு செயல்கள் நிறைவுற, கிராங்க் தண்டு இருமுறை சுழலவேண்டும்; கேம் தண்டோ ஒருமுறை சுழன்றால் போதும். எனவே, மேற்சக்கரத்தின் பற்கள் கீழ்ச்சக்கரத்தின் பற்களைப்போல் இருமடங்காக அமைந்திருக்கும். இவ்விரு சக்கரங்களையும் பிணைத்து, ஒன்று சொல்வதை மற்றொன்று கேட்குமாறு செய்வதே பல்வாரின் பணியாகும்.

கிராங்க் தண்டு நிமிடத்திற்கு 3,000 முறை சுழலும்போது ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 25 முறை திறந்து மூடுகிறது. இவ்வளவு விரைவில் இம்மியும் பிசகாமை வேண்டும். வாரில் ஒரு பல் தவறிப் பொருந்தினாலும் மகிழுந்து இழுவை குன்றும். எரிபொருளை வீணே குடிக்கும். வாரே அறுந்துவிட்டால் பொறி அக்கணமே நின்றுவிடும். சில பொறிகளில் அத்தோடு தீங்கு நின்றுவிடும். வேறு சிலவற்றிலோ, திறந்தவாறு நிற்கும் வால்வுகளைப் பிஸ்டன்கள் மோதி வளைத்துவிடும். குறைந்த விலையுள்ள வார் ஒன்றைக் காலத்தில் மாற்றாத குற்றத்திற்காக முழுப்பொறியையும் பிரித்துச் செப்பனிட நேரும்.

சங்கிலியிலிருந்து வாருக்கு

இவ்வார் தொடக்கமுதலே இருந்ததன்று. 1908இல் வெளிவந்த ஃபோர்டு ‘டி’ மகிழுந்தில் பற்சக்கரங்களே இப்பணியைச் செய்தன. மலாயாவின் சாலைகளில் ஒரு காலத்தில் மிகுந்து காணப்பட்ட மோரிஸ் மைனர் மகிழுந்துகளில் எஃகுச் சங்கிலி இருந்தது. சங்கிலி நெடுநாள் உழைப்பது. ஆனால் எடைமிக்கது, இரைச்சல் தருவது, எண்ணெயில் நனைந்தவாறே இயங்கவேண்டுவது.

பல்வார் முதலில் மகிழுந்துக்காகப் பிறக்கவில்லை என்பது வியப்புக்குரியது. தையல் இயந்திரத்தில் மேலே ஊசியும் கீழே நூற்கண்டும் ஒத்திசைந்து இயங்குவதற்காகவே, 1940களில் அமெரிக்காவின் கில்மர் நிறுவனம் இதனை உருவாக்கியது. துணி தைக்க வந்த வார், பின்னர் மகிழுந்துக்கு வந்து சேர்ந்தது.

பெருமளவில் உற்பத்தியான மகிழுந்துகளுள் இதனை முதன்முதலில் ஏற்றது, ஜெர்மனியின் பவேரியாவிலிருந்த கிளாஸ் நிறுவனத்தின் ‘1004’ என்னும் சிறு மகிழுந்தேயாகும். ஆண்டு 1962. வேளாண் கருவிகள் செய்து வாழ்ந்த நிறுவனம் அது; பின்னர் ‘கோகோமொபில்’ என்னும் மிகச் சிறிய வண்டியைச் செய்து எளியோரின் அன்பைப் பெற்றது. 1966இல் அது பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தின் கைக்குச் சென்றது. அதே 1966இல் இத்தாலியின் ஃபியட் நிறுவனமும் பல்வாரைக் கைக்கொண்டது. அடுத்து ஜப்பானியரும் பின்பற்றினர். எடை குறைவு, ஒலி குறைவு, விலை குறைவு ஆகிய மூன்று நலன்களும் சிறு மகிழுந்துக்கு இன்றியமையாதனவாக இருந்தமையால், ஏழை எளியோரின் வண்டிகளில் வார் விரைந்து பரவியது. தமிழ்நாட்டுச் சாலைகளை நிறைத்த மாருதி 800 மகிழுந்தும், 1983இல் முதன்முதல் விற்பனைக்கு வந்தபோதே பல்வாருடன்தான் வந்தது.

ஒரே ஆண்டில் இரு நிகழ்ச்சிகள்

வரலாறு சில நேரங்களில் இரு நூல்களை ஒரே நாளில் நூற்கத் தொடங்கிப் பல்லாண்டு கழித்தே முடிச்சிடும். 1876ஆம் ஆண்டு அத்தகையது. அவ்வாண்டில் ஜெர்மானியர் நிக்கோலஸ் ஒட்டோ, நான்கு செயல்களையுடைய பொறியைச் செய்து முடித்தார். அவ்வாண்டிலேயே ஆங்கிலேயர் ஹென்றி விக்காம், பிரேசில் நாட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 பால்மர விதைகளை இலண்டனின் கியூ பூங்காவிற்குக் கொண்டு சேர்த்தார். அவ்விதைகளின் வழிவந்த 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூர் வந்தடைந்தன; அவற்றுள் சில கோலகங்சாரில் நடப்பட்டன. 1888இல் சிங்கப்பூர்ப் பூங்காவின் பொறுப்பை ஏற்ற ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் நாள்தோறும் பாலெடுக்கும் முறையைக் கண்டறிந்தார். அவ்வாண்டிலேயே டன்லப் காற்றடைத்த சக்கரப்பட்டைக்கு உரிமை பெற்றார். பொறி ஓட, சக்கரம் உருள, இரப்பரின் தேவை பெருகியது.

அத்தேவையை நிறைவு செய்யத் தமிழர் அழைத்துவரப்பட்டனர். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறியோர்க்குப் பினாங்கே முதல் வாயில். அவர்களுள் பலர் ஜெரெஜாக் தீவில் நோய்த்தடுப்புக் காவலில் நாள்களைக் கழித்த பின்னரே தோட்டங்களுக்குச் சென்றனர். விடியுமுன் எழுந்து, விளக்கைத் தலையில் கட்டிப் பால்மரம் வெட்டினர். உலகின் மகிழுந்துகள் அவர்தம் உழைப்பின்மீதே உருண்டன. இக்குடியேற்றத்திற்கு இந்திய அரசு 1938இல் தடை விதித்தது.

மாற்றாள் பிள்ளை

இரப்பரின் பெருமை இவ்வாறு உயர்ந்துவரும் வேளையில் அதற்கு ஒரு போட்டி எழுந்தது. அமெரிக்காவின் டியூபாண்ட் நிறுவனம் 1931இல் ‘நியோப்ரீன்’ என்னும் செயற்கை இரப்பரை உலகிற்கு அறிவித்தது. பத்தாண்டுகளுக்குப் பின் போர் வந்தது. 1941 டிசம்பர் 11ஆம் நாள் ஜார்ஜ்டவுன் நகரின்மீது ஜப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்தன. ஆங்கில ஆட்சியாளர் தீவைக் கைவிட்டுச் சென்றனர். மலாயாவின் பால்மரக் காடுகள் அனைத்தும் பகைவர் கைப்படவே, அமெரிக்கா செயற்கை இரப்பர் ஆலைகளைப் பேரளவில் எழுப்பியது. போர் முடிந்தது, ஆலைகள் மூடப்படவில்லை.

பல்வாரின் உடல், பால்மரத்தின் பாலால் ஆகியதன்று என்பது ஈண்டு நோக்கத்தக்கது. பொறியின் வெப்பத்தையும் எண்ணெயையும் இயற்கை இரப்பர் நெடுநாள் தாங்காது. ஆகவே நியோப்ரீனால் உடலும், கண்ணாடி இழையால் நரம்பும், நைலான் துணியால் பல்லுறையும் அமைத்தனர். பிற்காலத்தில் நியோப்ரீனினும் வெப்பம் தாங்கும் வேறு செயற்கை இரப்பர்களும் வந்தன. ஆக, இரப்பர் நாட்டின் முதல் மகிழுந்தில் பொறியைக் காத்த வார், பால்மரத்தின் சொந்தப் பிள்ளையன்று, மாற்றாள் பிள்ளை!

எனினும், தோட்டங்களின் தாழ்வுக்குச் செயற்கை இரப்பர் ஒன்றே காரணமென்று கூறுவது நேர்மையாகாது. 1950களின் இறுதியிலும் 1960களிலும் பெருந்தோட்டங்கள் பல துண்டாடி விற்கப்பட்டன. அந்நிலையைத் தடுக்கவே துன் வீ. தி. சம்பந்தனார் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். வேறு பல தோட்டங்களில் பால்மரம் சாய்ந்து செம்பனை நின்றது. சரக்குந்துகளின் சக்கரங்களுக்கும் விமானங்களின் சக்கரங்களுக்கும் இயற்கை இரப்பர் இன்றும் தேவையே. ஆயினும் உலகின் முதல் உற்பத்தியாளர் என்னும் இடத்தை 1990களின் தொடக்கத்தில் தாய்லாந்திடம் மலேசியா விட்டுக்கொடுத்தது. தோட்டத்துப் பிள்ளைகள் நகர்களை நாடினர். பிறையின் ஆலைகளும், 1972இல் தொடங்கிய பாயான் லெப்பாஸ் தடையற்ற வணிக வட்டாரமும் பலரை ஈர்த்தன. சிலர் பட்டறைகளில் கருவி பிடிக்கக் கற்றனர்.

சருகுமானின் வருகை

1994 ஆகஸ்டில் இரண்டாம் தேசிய மகிழுந்தான பெரோடுவா காஞ்சில் வெளிவந்தது. காஞ்சில் என்பது மலாய் நாட்டுப்புறக் கதைகளில் தன் அறிவால் புலியையும் முதலையையும் வெல்லும் சருகுமானின் பெயராகும். மூன்று உருளைகளும் 660 கனசெண்டிமீட்டர் கொள்ளளவும் உடைய அச்சிறு பொறியிலும் பல்வாரே இருந்தது. மிதிவண்டியிலும் பேருந்திலும் சென்ற குடும்பங்கள் முதன்முதலாகத் தமக்கென ஒரு மகிழுந்தை வாங்க அது வழிவகுத்தது. 2009 வரை அதன் உற்பத்தி நீடித்தது. 2005இல் வந்த மைவியிலோ மீண்டும் சங்கிலியே இடம்பெற்றது. பழையன கழிந்தபின் மீண்டும் புகுவதும் உண்டு போலும்!

மாற்றும் கலை

பல ஜப்பானியப் பொறிகளுக்கு 100,000 கிலோமீட்டர் ஓடியதும் வாரை மாற்றுமாறு கூறப்பட்டது. தூரம் மட்டும் கணக்கன்று. சிறிய தீவில் வீட்டிற்கும் பள்ளிக்கும் மட்டும் சென்றுவரும் மகிழுந்து அத்தூரத்தை எட்டப் பல்லாண்டுகள் ஆகும். அதற்குள் வெப்பத்தால் இரப்பர் முதுமை அடைந்துவிடும். ஆகவே தூரத்தோடு ஆண்டையும் எண்ணல் வேண்டும்.

அதனை மாற்றுவது கைத்திறனும் பொறுமையும் கலந்த வேலை. வெளிவார்களையும் கீழ்க்கப்பியையும் மூடியையும் கழற்றிய பின், முதல் உருளையின் பிஸ்டன் உச்சநிலையை அடையுமாறு தண்டைத் திருப்புவர். சக்கரங்களிலுள்ள குறிகள் உடலிலுள்ள குறிகளோடு நேர்நிற்கின்றனவா என்று நோக்குவர். பின்னரே இறுக்குகப்பியைத் தளர்த்திப் பழைய வாரை எடுப்பர். அதன்பின் இரு தண்டுகளும் அசைதல் கூடாது. எண்ணெய் கசியும் அடைப்பான் இருப்பின் அதனையும் மாற்றவேண்டும். எண்ணெய் பட்ட வார் விரைந்து கெடும். புதிய வாரை மாட்டி, இறுக்கத்தைச் சரிசெய்து, பொறியை இயக்குமுன் கிராங்க் தண்டைக் கையாலேயே இரு முழுச்சுற்றுகள் திருப்பிக் குறிகளை மீண்டும் ஒத்துப்பார்ப்பர். எங்கேனும் தடை தோன்றினால் வலிந்து திருப்பாமல் நிறுத்தி ஆராய்வர். சரிபார்த்த பின்னரே சாவி!

கணக்கும் அறிவியலும் ஒழுக்கமும் இவ்வொரு வேலையில் அடங்கியுள்ளன. இரண்டுக்கு ஒன்று என்னும் விகிதத்தைக் கரும்பலகையில் கற்பிக்கும் ஆசிரியர், அதே விகிதம் மாணவன் வீட்டு மகிழுந்தில் சுழல்வதையும் காட்டினால் பாடம் உயிர்பெறும். ஏட்டுக்கல்வியில் பின்தங்கிய மாணவன் பட்டறைக்குச் சென்றால் அவன் வீழ்ந்தான் என்று கருதும் மனப்பான்மை நம்மிடையே உண்டு. குறிகளை ஒத்துப்பார்த்து, இரு சுற்றுத் திருப்பிச் சோதித்தபின்னரே சாவியைத் தொடும் கை, அறிவற்ற கையாகுமா?

சங்கிலி தேய்ந்தால் ஒலி எழுப்பும், கேட்போர் விழிப்படைவர். வாரோ பெரும்பாலும் ஒலியின்றி உழைத்து ஒலியின்றி அறுந்துபோகும். தோட்டத்து முன்னோர் உழைப்பும் அத்தகையதே. அவர்கள் தம் வரலாற்றை எழுதிவைக்கவில்லை. முதியோர் பலர் மறைந்துவிட்டனர், எஞ்சியோரும் தளர்ந்துவருகின்றனர். பஞ்சதந்திரத்து மூன்று மீன்களுள் வருமுன் காத்த மீனே நலமாகத் தப்பியது. தமிழ்ப்பள்ளி மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டு முதியவர் ஒருவரின் தோட்ட வாழ்வையோ பட்டறை வாழ்வையோ கேட்டு, ஆண்டும் ஊரும் குறித்து எழுதிவைப்பாராயின், அறுந்துபோகவிருக்கும் ஒரு தொடர்ச்சி காலத்தில் காக்கப்படும். அப்பணியைத் தொடங்கிவைக்கும் பொறுப்பு ஆசிரியர்களுடையது.