எகிப்தின் கட்டுச்சோற்றுத் திருநாள்

முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் ஒரே நாளில் சாப்பாடு கட்டிக்கொண்டு பூங்காவுக்குக் கிளம்பும் நாடு எது தெரியுமா? எகிப்து. நாளின் பெயர் ஷம் அல்-நசீம். தென்றலை முகர்தல் என்று பொருள்.

காப்டிக் கிறிஸ்தவர்களின் ஈஸ்டருக்கு மறுநாள் திங்கட்கிழமை இது வரும். தேதி கிறிஸ்தவர்களுடையது, விடுமுறையோ எல்லோருக்கும். இரு மதங்களுக்கும் முந்தைய வசந்த விழா என்பது எகிப்தியர் நம்பிக்கை. அதனால்தான் யாரும் யாரையும் அழைக்க வேண்டியிருப்பதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. கெய்ரோவாசிகள் காலையில் வெங்காயத்தை உடைத்து முகர்ந்ததையும், படகேறி வெளியே போய்ச் சாப்பிட்டதையும் எட்வர்டு லேன் என்ற ஆங்கிலேயர் 1836லேயே எழுதிவிட்டார்.

வண்ண முட்டை, வெங்காயத்தாள், கூடவே ஃபசீக். மடவை மீனை உப்பில் புளிக்க வைத்தது. நாற்றம் ஊரைக் கூட்டும்! பக்குவம் தவறினால் விஷம் என்று அரசு எச்சரிக்கும். யார் கேட்கிறார்கள்?

2017 ஏப்ரல் 9 அன்று தாந்தா, அலெக்சாண்டிரியா தேவாலயங்களில் குண்டு வெடித்து 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காப்டிக் திருச்சபை அவ்வருட ஈஸ்டரை வழிபாட்டோடு நிறுத்திக்கொண்டது. துக்கத்தின் எட்டாம் நாள் ஷம் அல்-நசீம் வந்தது. விடுமுறையை யாரும் ரத்து செய்யவில்லை.

2021லும் 2022லும் இந்த நாள் ரமலான் மாதத்தில் விழுந்தது. நோன்பிருந்தவர்களுக்கு மீன், சூரியன் மறைந்த பிறகுதான்.