மனசால் தேங்காய் துருவுதல்

அம்மம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து வலக்கை விழுந்த பிறகு, கிழமைக்கு இரண்டு நாள் ஒரு பிசியோ மிஸ் வீட்டுக்கு வந்து போவா. ஒருநாள் பயிற்சி எல்லாம் முடிஞ்ச பிறகு, "இனிக் கண்ணை மூடிக்கொண்டு தேங்காய் துருவுங்கோ அம்மா. கையால இல்லை, மனசால" என்றா. அம்மம்மா என்னைப் பார்த்தா. 'இந்தப் பிள்ளைக்கு என்ன விசரோ' என்ற பார்வை. எனக்கும் அப்படித்தான் பட்டது. நான் கலைப்பீடத்தில் வரலாறு படிக்கிறவன், மருத்துவம் தெரியாது. ஆனால் ஒரு யோசனை எங்கேயிருந்து வந்தது எண்டு தோண்டிப் பார்க்கிறது எங்கட வேலைதானே.

தோண்டினால் அது பழைய யோசனை. ஒரு அசைவை நினைத்தாலே தசை தன்னையறியாமல் மெல்ல இயங்கும் என்று வில்லியம் கார்பென்டர் 1852இலேயே இங்கிலாந்தில் பேசியிருக்கிறார். 1930களில் அமெரிக்காவின் எட்மண்ட் ஜேக்கப்சன், கையை மடக்குவதாகக் கற்பனை மட்டும் செய்தவர்களின் தசையில் மிகச்சிறிய மின் சைகைகளைக் கருவியில் பிடித்துக் காட்டினார். அதற்குப் பிறகு இந்த விஷயம் பல தசாப்தங்கள் உளவியலாளர்களிடமும் விளையாட்டு வீரர்களிடமும்தான் கிடந்தது.

ஏன் நோயாளியின் கட்டிலுக்கு வரவில்லை? முக்கிய காரணம் ஒரு நம்பிக்கை என்று நினைக்கிறேன். வளர்ந்தவரின் மூளை இனி மாறாது, செத்த பகுதி செத்ததுதான் என்ற எண்ணம் இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியை ஆண்டது. மாறாத மூளைக்குக் கற்பனை எதற்கு?

அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது நூற்றாண்டின் கடைசியில். பிரான்சின் லியோன் நகரில் ஜான் டிசெட்டி, மார்க் ஜனரோட் ஆகியோர் நடப்பதாகக் கற்பனை செய்தவர்களின் இதயத்துடிப்பும் மூச்சும் கூடுவதை 1991இல் அளந்து காட்டினார்கள். ஆள் அசையவே இல்லை! பிறகு 1995இல் அல்வாரோ பஸ்குவால்-லியோன் குழுவின் பியானோப் பரிசோதனை வந்தது. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். பியானோ தெரியாதவர்களுக்கு ஐந்து விரல் பயிற்சி ஒன்று, நாளுக்கு இரண்டு மணித்தியாலம், ஐந்து நாள். ஒரு குழு விரலால் வாசித்தது, இன்னொன்று கற்பனையில் மட்டும். மூளையில் அந்த விரல்களை இயக்கும் பகுதி இரண்டு குழுவிலும் ஒரே மாதிரி விரிந்திருந்தது. வாசிப்பில் கற்பனைக் குழு பின்தங்கியது உண்மை. ஆனால் ஒரேயொரு தடவை உண்மையாக வாசித்துப் பழகியதும் மற்றவர்களைப் பிடித்துவிட்டது. அந்த 'ஒரேயொரு தடவை'யைக் கவனியுங்கோ, பிறகு தேவைப்படும்.

பாரிசவாதக்காரரிடம் இதைக் கொண்டுபோனவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் ஸ்டீபன் பேஜ். 2007இல் வெளிவந்த அவருடைய ஆய்வில் 32 பேர். பாரிசவாதம் வந்து சராசரியாக மூன்றரை வருடத்துக்கு மேல் ஆனவர்கள், அதாவது 'இனி வராது' என்று விடப்படும் ஆட்கள். எல்லாருக்கும் கிழமைக்கு இரண்டு நாள், ஆறு கிழமை பிசியோ. பாதிப்பேருக்கு அது முடிந்த கையோடு, செய்து பழகிய அதே வேலைகளை மனதில் திருப்பிச் செய்யும் பயிற்சி. மற்றவர்களுக்கு அதே நேரத்தில் உடலைத் தளர்த்தும் பயிற்சி மட்டும். மனதில் பழகியவர்களின் கை தெளிவாக முன்னேறியது, மற்றவர்களுடையது கிட்டத்தட்ட அப்படியே நின்றது.

கதை இங்கே முடிந்தால் நல்லாயிருக்கும். 2011இல் பிரித்தானியாவில் 121 பேரோடு இன்னும் பெரிய ஆய்வு வெளிவந்தது. நாலு கிழமை, கிழமைக்கு மூன்று தடவை, 45 நிமிடம் மனப்பயிற்சி. பலன்? வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களோடு ஒப்பிட்டால் வித்தியாசமே இல்லை. இதை வாசித்த அன்று எனக்குக் கொஞ்சம் வயிற்றைக் கலக்கியது, ஏனென்றால் அம்மம்மா அதற்குள் ஒழுங்காகக் கண்ணை மூடத் தொடங்கியிருந்தா.

ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. பேஜிடம் கற்பனை, கை அப்போதுதான் செய்த வேலையின் தொடர்ச்சி. மற்றதில் அது தனிப் பயிற்சியாக நடந்தது. நோயாளிகளும் வேறு, வருத்தம் வந்து ஆறு மாதத்துக்கு உட்பட்டவர்கள். அதனால் இது என் ஊகம்தான். என்றாலும் பியானோக் குழுவுக்கும் அந்த ஒரு தடவை விரல் தேவைப்பட்டதே. 2020இல் கொக்ரேன் மீளாய்வு 25 ஆய்வுகளை, 676 பேரைச் சேர்த்துப் பார்த்தது. வேறு சிகிச்சையோடு மனப்பயிற்சியைச் சேர்த்தால், அந்தச் சிகிச்சையை மட்டும் செய்வதைவிடக் கைக்குப் பலன் கூட என்பது அதன் முடிவு. 'சேர்த்தால்' என்ற சொல்லை விட்டுவிட்டு, 'நினைத்தால் குணமாகும்' என்று வட்ஸ்அப்பில் அனுப்புகிற சித்தப்பாமாருக்கு இதைக் காட்டலாம்.

இப்ப மிஸ் வராத நாட்களில் நான்தான் பக்கத்தில் இருக்கிறது. முதலில் துருவலையில் அம்மம்மாவின் கையைப் பிடித்து வைத்து இரண்டு மூன்று தரம் அசைப்பன், பிறகு கண்ணை மூடச் சொல்லுவன். கை இன்னும் பெரிசா மாறேல்லை, விரல் கொஞ்சம் மடங்குது. போன கிழமை கண்ணைத் திறந்தவுடன், "எவ்வளவு துருவினீங்கள் அம்மம்மா?" என்று கேட்டேன்.

"பாதி மூடிதான் மோனை. கை உளையுது."